மூடியின் உட்பக்கம்

மூன்று நாளாக விட்டுவிட்டுப் பெய்த மழையில் மை காயவில்லை. டில்லிபாபு கம்பித் தட்டிலிருந்து ஒரு பெட்டி மூடியை எடுத்து, பிள்ளையாரின் தொந்திமேல் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தான். விரலில் நீலம் ஒட்டிக்கொண்டது. காலை பதினொரு மணிக்கு அடித்த மூடி. இப்போது மணி நாலு.

மயிலாப்பூர் பஜார் ரோட்டிலிருந்து பிரியும் சந்தில், ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்தது அந்த அச்சகம். அச்சகம் என்பது ஓனர் ராகவேந்திரன் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்ட பெயர். உள்ளே ஒரு மேஜை, நாலு ஸ்கிரீன் சட்டங்கள், அடித்ததைக் காயவைக்கும் கம்பித் தட்டு அடுக்கு, ஒரு மின்விசிறி, டில்லிபாபு. பெட்டி ஒட்டும் வேலை வந்தால் மட்டும் பட்டினப்பாக்கத்திலிருந்து ஜான்சி வருவாள். இன்று வந்திருந்தாள். தரையில் சம்மணமிட்டு, ஓரங்களில் பசை தடவி, அடித்த மூடிகளைப் பெட்டியோடு ஒட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

முந்நூற்று இருபது பெட்டி. ராஜா அண்ணாமலைபுரம் வேதாந்தம் சாருக்கு எண்பது வயது நிறைகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டிலேயே சதாபிஷேகம். வருபவர்களுக்கு ஆளுக்கொரு முந்திரி தேங்காய் பர்ஃபி. துண்டு துண்டாக இல்லை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரே வில்லை. பெட்டியின் வெளிப்பக்கம் வெறும் வெள்ளை. பிள்ளையார் படமும் தம்பதியின் பெயரும் மூடியின் உட்பக்கம்.

உட்பக்கம் என்பது அபயாம்பாள் மாமியின் ஏற்பாடு. பேத்தி கல்யாணத்தின்போது பெட்டியின் மேலே சுவாமி படம் போட்டிருந்தார்கள். மறுநாள் மண்டபத்து வாசலில் ஒரு ஆட்டோ அந்தப் பெட்டிமேல் ஏறிப் போனதை மாமி கண்ணால் பார்த்தார். அன்றோடு வெளிப்பக்கம் ஒழிந்தது. உள்ளே இருந்தால் தெருவில் கிடந்தாலும் சுவாமி மூடிய பெட்டிக்குள் பத்திரமாக இருப்பார்.

"உள்ள அடிச்சா பண்டத்துல படும் சார்" என்று டில்லிபாபு ராகவேந்திரனிடம் போன வாரமே சொல்லியிருந்தான். பண்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் வைக்க முந்நூற்று இருபது பட்டர் பேப்பர் சதுரமாக வெட்டி, அளவு பார்த்து, கட்டாகக் கட்டி வைத்திருந்தான். அதில் அவனுக்கு ஒரு திருப்தி இருந்தது.

இன்று அதோடு இன்னொரு பிரச்சினை. ஈரத்தில் மை கெட்டியாகி ஸ்கிரீனில் இறங்க மறுத்தது. இளக்குவதற்கு ஊற்றும் ரெட்யூசர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டியும் ஒரு சொட்டு வரவில்லை. ராகவேந்திரனுக்குப் போன் போட்டான்.

"சார், ரெட்யூசர் தீந்துபோச்சு. கடையாண்ட முட்டிவரிக்கும் தண்ணி, மூடிட்டுப் போய்ட்டான்."

"பின்னாடி ஸ்கிரீன் கழுவறதுக்கு ஒண்ணு வெச்சிருப்போமே, பாரு."

"அது கெரசின் சார்."

"நான் வண்டி ஓட்டிட்டு இருக்கேன்பா" என்று ராகவேந்திரன் வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் ஒரு குக்கர் விசில் கேட்டது.

டில்லிபாபு கேனை எடுத்துவந்தான். மூடியால் அளந்து மையில் ஊற்றிக் கலக்கினான். மை உடனே சொன்னபடி கேட்டது. ரப்பரை வைத்து ஒரு இழு. பிள்ளையார் பளிச்சென்று வந்தார்.

ஜான்சி மூக்கைச் சுளித்தாள். "இன்னா டில்லி, பால், தயிரு, தேனு எல்லாம் முடிஞ்சி இப்போ கெரசின் அபிஷேகமா?"

"சும்மா ஒட்டுக்கா. ஆறு மணிக்கு வண்டி வந்துரும்."

"ஒட்றேன். ஒட்டுனா மையி கையில வருது. பாரு, எங் கையெல்லாம் உங்க சாமி."

"ஃபேனை இந்தாண்ட திருப்பு. ராத்திரிக்குள்ள காஞ்சிரும்."

ஆறு மணிக்கு வண்டி வந்தபோது மேலே தொட்டால் ஒட்டவில்லை. நகத்தால் கீறினால் உள்ளே வழவழப்பாக இருந்தது. டில்லிபாபு ஒரே ஒரு மூடியைத்தான் கீறிப் பார்த்தான். அதற்குமேல் பார்க்கவில்லை. பட்டர் பேப்பர் கட்டைப் பெட்டிகளின்மேல் வைத்து, "இதைக் கண்டிப்பா நடுவுல வெக்கச் சொல்லுங்கண்ணா" என்று டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னான். சொல்லிவிட்டதால் நன்றாகத் தூங்கினான்.

ஞாயிறு காலை ஏழரைக்கு ராகவேந்திரன் கூப்பிட்டார். "டில்லி, உடனே வேதாந்தம் சார் வீட்டுக்கு வா. நல்ல சட்டையா போட்டுட்டு வா."

திட்டு வாங்கப் போகிறவனுக்கு எதற்கு நல்ல சட்டை என்று வழி முழுக்க யோசித்தபடி, மொபெட்டைத் தண்ணீரில் பாதி ஓட்டிப் பாதி தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தான். வாசலில் செருப்புக் குவியல். அதைத் தாண்டி ஒரு வரிசை படியேறி உள்ளே போனது. சதாபிஷேகத்துக்கு வந்தவர்கள் வரிசையில் நிற்கும் வழக்கம் அவனுக்குத் தெரிந்து இல்லை.

கூடத்தில், சுவாமி படங்களுக்கு முன்னால் வெள்ளித் தட்டு. தட்டில் ஒரு பர்ஃபி வில்லை. வில்லைமேல் பிள்ளையார்.

நீலப் பிள்ளையார். கிரீடம், நாலு கை, தொந்தி, காலடியில் மூஞ்சூறு, எல்லாம் துல்லியமாக. தும்பிக்கை மட்டும் வலப்பக்கம் சுழித்திருந்தது. டில்லிபாபு அடித்த பிள்ளையாருக்கு இடப்பக்கம் சுழித்திருக்கும்.

"வலம்புரி" என்றார் சாஸ்திரிகள், வரிசையில் புதிதாக வந்து நின்றவரிடம். அதை அவர் காலையிலிருந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்க வேண்டும், குரல் கம்மியிருந்தது. "மூடில இருக்கறது இடம்புரி. பட்சணத்துல வலம்புரியா வந்திருக்கார். கீழே பாருங்கோ, ஏதோ எழுத்து. தமிழ் இல்லை. கிரந்தம் மாதிரி இருக்கு. பழைய கிரந்தம்."

எது எதன்மேல் ஒட்டினாலும் இடம் வலமாகத்தான் விழும் என்பது ரப்பர் ஸ்டாம்பு பிடித்த எவனுக்கும் தெரியும். டில்லிபாபு வாசல் பக்கம் ஓர் அடி பின்வாங்கினான்.

"வாங்கோ, வாங்கோ. நீங்கதானே அச்சடிச்சது?"

அபயாம்பாள் மாமி. டில்லிபாபு திரும்பிப் பின்னால் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. பதினைந்து வருஷமாக இந்த வீட்டுக்குப் பத்திரிகையும் பெட்டியும் கொண்டுவந்து தந்திருக்கிறான்; 'டில்லிபாபு, அங்க வெச்சுட்டுப் போப்பா' என்பதுதான் அவனுக்குத் தெரிந்த மாமி.

"சமையல்காரர் ராத்திரி பர்ஃபியைக் கொதிக்கக் கொதிக்கப் பெட்டியில விட்டு, அது மேல அந்த எண்ணெய்க் காகிதத்தை வெச்சு மூட வந்தார். நான்தான் தடுத்தேன். பிள்ளையார் முகத்துக்கு முன்னாடி ஒரு காகிதமா? அவர் பட்சணத்தைப் பாக்க வேண்டாமா? முந்நூத்து இருபதையும் எடுக்கச் சொல்லிட்டேன். காத்தால பிரிச்சா, இறங்கியே வந்துட்டார்." மாமியின் கண் கலங்கியிருந்தது. "எல்லாம் உங்க கை விசேஷம்."

சரிகை போட்ட சால்வை ஒன்று வந்தது. வேதாந்தம் சார், பூணூல் மார்பில் சந்தனத்தோடு, எண்பது வயதுக் கை நடுங்க, அதை அவன் தோளில் போர்த்தினார். நாலைந்து செல்போன்கள் உயர்ந்தன. டில்லிபாபு சொல்லத்தான் வாயைத் திறந்தான். போட்டோவில் அது சிரிப்பு மாதிரி விழுந்தது. பிறகு நிஜமாகவே சிரித்தான். காபி வந்தது, டவரா டம்ளரில், மாமியே கொண்டுவந்து கொடுத்தார். நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தான். நன்றாகத்தான் இருந்தது.

உட்கார்ந்திருந்த நேரத்தில் ஏழு பேர் வேறொரு வில்லையிலிருந்து கிள்ளிக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டார்கள். அவன் எண்ணிக்கொண்டிருந்தான். அதில் ஒருவர் ஊன்றுகோலோடு வந்த கிழவர். எண்ணினானே தவிர எழுந்திருக்கவில்லை. ஏழாவது ஆள் போனதும் சால்வை கழுத்தை அறுக்க ஆரம்பித்தது. எழுந்து வாசல் வராந்தாவுக்குப் போனான். ராகவேந்திரன் பட்டு வேட்டியில் நின்று யாருக்கோ போனில் விலாசம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"சார், அது மை சார்."

"தெரியும்."

"மத்த பெட்டியெல்லாம் பாத்தீங்களா? படம்கூட ஒழுங்கா விழல, வெறும் நீலமா ஈஷிட்டு கீது. சூடா ஊத்தினது நெய்யோட சேந்து மையை இழுத்துகிச்சு. வாசனையே அடிக்குது சார்."

"சாம்பிராணில தெரியாது."

"துன்றாங்க சார்."

ராகவேந்திரன் போனைப் பையில் போட்டுவிட்டு அவன் சால்வையின் மடிப்பைச் சரிசெய்தார். "டில்லி, காலைலேர்ந்து நாலு ஆர்டர் வந்திருக்கு. நாலு பேருக்கும் உள்பக்கம்தான் வேணுமாம். உனக்கு ஒரு அசிஸ்டென்ட் போடலாம்னு இருக்கேன். போய் உக்காரு. வாயைத் தொறந்தேன்னா நாளைக்கு நீ இல்ல, பாத்துக்கோ."

டில்லிபாபு போய் உட்கார்ந்தான்.

அப்போதுதான் மாடியிலிருந்து பேத்தி அனன்யா இறங்கி வந்தாள். ஏழு மாசம். ஒரு கை இடுப்பில், ஒரு கை கைப்பிடியில். அவளுக்காகத்தான் அந்த வெள்ளித் தட்டுப் பிள்ளையாரை அதுவரை யாரும் தொடவில்லை என்பது டில்லிபாபுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கூட்டம் வழிவிட்டது. மாமி வில்லையின் ஓரத்தை ஜாக்கிரதையாக உடைத்தார். தும்பிக்கை தனியாக வந்தது.

"வாயைத் திற. குழந்தைக்கு நல்லது."

"துன்னாதீங்கம்மா!"

அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்தினார்.

"அது... அது மைம்மா. நான் அடிச்ச மை. மூடிலேர்ந்து ஒட்டிகினு வந்துருக்கு. சாமி இல்ல."

"என்ன பேசறே நீ?" என்றார் மாமி. 'நீங்க' போய்விட்டதை டில்லிபாபு கவனித்தான். ஒருவிதத்தில் அது நிம்மதியாக இருந்தது.

வாயால் சொல்லி நிரூபிக்க அவனுக்குத் தெரியவில்லை. அடுக்கியிருந்ததில் ஐந்தாறு பெட்டிகளைத் திறந்து, எழுத்து ஓரளவு தெளிவாக விழுந்திருந்த ஒரு வில்லையை அப்படியே பெட்டியோடு எடுத்துக்கொண்டு, சாப்பாட்டு அறைப் பக்கம் கை கழுவும் இடத்துக்குப் போனான். அங்கே ஒரு கண்ணாடி இருந்தது. வில்லையைக் கண்ணாடிக்கு நேராகத் தூக்கிப் பிடித்தான். பின்னாலேயே எல்லோரும் வந்து நெருக்கியடித்து எட்டிப் பார்த்தார்கள்.

வேதாந்தம் சார் அரசாங்க உத்தியோகத்தில் முப்பத்தாறு வருஷம் ஃபைல் படித்தவர். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு, பழைய கிரந்தத்தை எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தார்.

"அ... ப... யாம்... பாள்."

பிறகு மனைவியைத் திரும்பிப் பார்த்தார். "உம் பேர்தான்."

பிறகு, கிள்ளிச் சாப்பிட்ட ஏழு பேரில் ஒருவர் மெதுவாக முன்னால் வந்து, டில்லிபாபுவைச் சற்று நகரச் சொல்லிவிட்டு, குழாயைத் திறந்து வாய் கொப்பளித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் நின்றார். ஊன்றுகோல்காரரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். தரிசனத்துக்கு நின்றதைவிட அந்த வரிசை ஒழுங்காக இருந்தது.

அனன்யா போனில் தேடி, வாசித்துக்கொண்டே போனாள். அச்சு மையில் இருக்கும் எண்ணெயும் சாயமும் சாப்பாட்டுக்குள் இறங்கும். சூடாக இருந்தால் வேகமாக இறங்கும். நெய், எண்ணெய் இருந்தால் இன்னும் வேகமாக. கண்ணுக்குத் தெரிகிற சாயம் கொஞ்சம்தான், தெரியாமல் இறங்குவதுதான் ஜாஸ்தி. அச்சடித்த காகிதத்தில் தின்பண்டம் கட்டக் கூடாது என்று அரசாங்கமே சொல்லியிருக்கிறது. "மேல சுரண்டிட்டாப் போறாதாம், தாத்தா. உள்ளயும் போயிருக்குமாம்."

"மையில என்ன கலந்தேப்பா?" என்று வேதாந்தம் சார் கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார்.

டில்லிபாபு தரையைப் பார்த்தான். மொசைக் தரை. கறுப்பு, வெள்ளை, ஒரு சிவப்புக் கல்.

"கெரசின் சார்."

"கெரசினா!"

"கொஞ்சம்தான் சார்."

மற்ற எதைச் சொன்னபோதும் அவனுக்கு அவ்வளவு கூசவில்லை. இந்தக் 'கொஞ்சம்தான்' வாயைவிட்டு வெளியே வந்ததும் காது மடல்வரை சுட்டது.

"ரெட்யூசர் போடுன்னுதான் மாமா நான் சொன்னேன்" என்றார் ராகவேந்திரன், எல்லோருக்கும் கேட்கும்படி. "கெரசின்ங்கற வார்த்தை என் வாயிலேர்ந்து வரவே இல்லை. இவன்கிட்டயே கேளுங்கோ."

"வரல சார்" என்றான் டில்லிபாபு. உண்மையில் வரவில்லை.

பட்டர் பேப்பர் என்ற சொல் அவன் நாக்கு நுனிவரை வந்தது. சாப்பாட்டு மேஜையின் மூலையில் முந்நூற்று இருபது சதுரங்களும் அடுக்கி, காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்தது. அவன் அதைப் பார்த்தான். மாமியும் அதைப் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மாமி புடவைத் தலைப்பை எடுத்து, வேர்க்காத நெற்றியைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். எண்பது வயதுக்காரரின் மனைவி, விசேஷ நாளில், அப்படித் தலையைக் குனிந்துகொண்டு போவதைப் பார்த்தபின் அவனுக்கு அந்தச் சொல் வெளியே வரவில்லை.

சால்வையைக் கழற்றி, மடித்து, நாற்காலிமேல் வைத்தான். யாரும் 'இருக்கட்டும்' என்று சொல்லவில்லை.

சடங்கு நடக்க வேண்டியபடி நடந்தது. வந்தவர்களுக்குக் கையில் கொடுக்கக் கடையிலிருந்து அவசரமாக மைசூர்பாகு வரவழைத்தார்கள். பந்தி முடிந்து வீடு அடங்கியபோது, முந்நூறு சொச்சம் பெட்டிகள் கூடத்தின் ஓரத்தில் அப்படியே இருந்தன. என்ன செய்வது என்று பேச்சு வந்தது. டில்லிபாபு படிக்கட்டின் கீழே நின்றிருந்தான். போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

"மூடியில சுவாமி இருக்கார். குப்பையில போடப்படாது" என்றார் சாஸ்திரிகள். "சமுத்திரத்துல விட்டுடுங்கோ. தோஷமில்லை."

மூடிகளைக் கொண்டுபோய்க் கடலில் விடுவதாக மகன் சாய்நாத் ஒப்புக்கொண்டார். மூடிகளைக் கத்தரித்து எடுக்க, பெண்கள் உட்கார்ந்தார்கள். ஒன்றும் கசங்கவில்லை, ஒன்றும் கீழே வைக்கப்படவில்லை. ஒரு பழைய பட்டுப்புடவையில் சுற்றினார்கள்.

"பர்ஃபி?" என்றார் சாய்நாத்.

"அத்தனையும் பசு நெய்" என்றார் மாமி, உள்ளே இருந்தபடி. "முந்திரி மட்டுமே பதினெட்டுக் கிலோ. தூக்கிப் போட மனசு வரலை."

"பெட்டி ஒட்டின பொம்பளை பட்டினப்பாக்கம்தான் மாமா" என்றார் ராகவேந்திரன். "குப்பத்துல குடுத்துட்டா ஒரு நொடியில போயிடும். அவங்க உடம்பெல்லாம் கெட்டி. மேலாக வழிச்சிட்டு சாப்பிட்டா ஒண்ணும் பண்ணாது."

"அவாளும் மனுஷா இல்லையா?" என்றாள் அனன்யா.

கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் மிகவும் களைத்திருந்தாள். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டாள்.

"சரி, சொல்லாமக் குடுக்காதீங்கோ" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "நன்னா சுரண்டிட்டு சாப்பிடச் சொல்லிக் குடுங்கோ."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது.

வாசலில், செருப்பு மாட்டும்போது ராகவேந்திரன் சொன்னார். "நாளைலேர்ந்து வேணாம்பா. உன்மேல எனக்குக் கோபம் இல்ல. இன்னிக்கு மட்டும் கூடப் போய் எறக்கிக் குடுத்துடு."

காரின் பின்சீட்டில் பட்டுப்புடவை மூட்டை. டிக்கியில் இரண்டு பிளாஸ்டிக் டிரம்மில் பர்ஃபி. டில்லிபாபு மொபெட்டில் பின்னாலேயே போனான். வழியில் மாநகராட்சிக் குப்பைத் தொட்டி மூன்று வந்தது. மூன்றையும் பார்த்தான். கார் நிற்கவில்லை.

பட்டினப்பாக்கம் கரையில் மழை விட்டிருந்தது. வலைகளை மூடிப்போட்ட நீலத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஜான்சியும் அவள் மாமியார் தேசம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஆணும் பெண்ணுமாக ஒரு இருபது பேர், கையில் கிண்ணமும் தூக்குச் சட்டியும் வைத்துக்கொண்டு நின்றார்கள். படகுகள் எல்லாம் மணலில் மேடேற்றிக் கிடந்தன. டிரைவர் டிரம்களை இறக்கி வைத்துவிட்டுக் காருக்குத் திரும்பிவிட்டார்.

"வாப்பா சால்வைக்காரரே" என்றாள் ஜான்சி. "வாட்ஸப்புல பாத்தேன் உன் போட்டோ. பல்லெல்லாம் தெரியுது."

"ஜான்சிக்கா, இத்தத் துன்ன வேணாம்."

"ஓனரு போன்லயே சொல்லிட்டாரு. மேல சுரண்டிட்டு குடுக்கணுமாம்."

"சுரண்டினாலும் போவாதுக்கா. உள்ள எறங்கிருக்கும். கெரசின் ஊத்துனது உனுக்குத் தெரியாதா?"

"எனுக்குத் தெரியாம? எங் கண்ணு முன்னாடிதானே ஊத்துன." அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "எவ்ளோ எறங்கியிருக்கும்? சொல்லு. அவ்ளோ சுரண்டிர்றோம்."

டில்லிபாபு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துப் பிடித்து, கொஞ்சம் விரித்தான். இன்னும் கொஞ்சம் விரித்தான். பிறகு கையைக் கீழே விட்டான். அவனுக்குத் தெரியவில்லை.

"புயல் சின்னம்னு ஆறு நாளா ஒருத்தனும் கடலுக்குப் போவல" என்றாள் தேசம்மா. "எம் புள்ள மிக்கேலு வூட்டுலயே குந்திகினு சொவத்தைப் பாத்துகினு கீறான். நெய்யி பண்டம் தானா வந்து எறங்குது. வேணாம்னு சொல்லச் சொல்றியா?"

"உடம்புக்கு ஆவாது ஆயா."

"எது ஆவும்?"

தேசம்மா மீன் செதில் சுரண்டும் கத்தியை முந்தானையில் துடைத்து, ஒரு வில்லையை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். வாலிலிருந்து தலைக்குச் சீவுகிற அதே பழக்கத்தில், கீழிருந்து மேலாக ஒரு இழு. நீலம் சுருளாகச் சுருண்டு வந்தது. காலடியில் விரித்திருந்த சாக்கில் அதைத் தட்டினாள். இன்னொரு இழு. பிள்ளையாரின் காது போயிற்று. அவள் அதைப் பார்த்து, வலது கையால் சிலுவை போட்டுக்கொண்டு, மறுபடி இழுத்தாள்.

அலையோரத்தில் சாய்நாத் செருப்பைக் காரிலேயே கழற்றிவிட்டு, பேன்ட்டை முழங்கால்வரை மடித்துக்கொண்டு நின்றார். பட்டுப்புடவையிலிருந்து மூடிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணில் ஒற்றி, குனிந்து தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தார். ஒன்று கைதவறி ஈர மணலில் விழுந்தது. பதறி எடுத்து, வேட்டி முனையில்லாததால் சட்டை நுனியால் துடைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ முணுமுணுத்தார்.

தேசம்மா வில்லையை டில்லிபாபுவின் முகத்துக்கு நேராக நீட்டினாள். மேலே வெள்ளையாகிவிட்டது. "பாரு. நீதான் மைக்காரனாச்சே. போச்சா?"

அவன் குனிந்து முகர்ந்தான்.

"இன்னும் கொஞ்சம்."

அவள் சுரண்டினாள். மறுபடி நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஆயா."

முனகிக்கொண்டே சுரண்டினாள். வில்லை பாதியாகி, பிறகு பிஸ்கட் கனமாகி, கை ரேகை தெரிகிற அளவுக்கு மெலிந்தது. சாக்கில் வெள்ளையும் நீலமுமாகக் குவிந்தது. வரிசையில் நின்ற ஒருத்தி, "சட்டுனு ஆவட்டும், மழை வருது" என்றாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றான் டில்லிபாபு.

"இதுக்கு மேல சுரண்டினா என் கைதான் மிஞ்சும், நைனா" என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையில் ஒட்டியிருந்ததை நாக்கால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள் தேசம்மா. கண்ணை மூடி ஒரு நிமிஷம் மென்றாள்.

"நெய்யி நல்ல நெய்யி" என்றாள். பிறகு கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த வில்லையை எடுத்து, முன்பு சுரண்டியதில் பாதி மட்டும் சுரண்டி, முதலில் நின்றவளின் கிண்ணத்தில் போட்டாள். வரிசை ஓர் அடி முன்னால் நகர்ந்தது.